சேலத்தில் ஒரு ஜோல்டார் ஜோசியப் பெட்டி: வாயிலிருந்து தொடங்குங்கள்

1988ல் வந்த 'பிக்' படத்தில் வரும் ஜோல்டார் ஜோசியப் பெட்டியை அசலுக்கு நெருக்கமாகச் செய்து, ஏற்காட்டில் நீங்கள் நடத்தும் தங்கும் விடுதியின் முன்கூடத்தில் வைக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்தில் கிடைக்கும் ஆட்களையும் பொருட்களையும் வைத்தே செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது என்பது கேள்வி. முடியும். தொடங்க வேண்டிய இடம் அந்த உருவத்தின் வாய்.

இதைச் செய்யக் கிளம்புகிற பலர் முதலில் தச்சரிடம் போய்ப் பெட்டியைச் செய்துவிடுகிறார்கள். பளபளவென்று ஆறடிப் பெட்டி வந்து நிற்கும். அதற்குள் உருவத்தை வைத்து, நாணயம் உருளும் தடத்தைப் பொருத்தப் பார்த்தால் இடம் போதாது, கோணம் வராது. கடைசியில் தடத்தை ஒட்டிவைத்து, வாயை அசையாமல் விட்டு, தலைப்பாகை கட்டிய பொம்மை ஒன்று கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படத்தில் அந்தப் பெட்டியை மறக்க முடியாமல் செய்தது அதன் தோற்றம் இல்லை.

படத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பென்னி மார்ஷல் இயக்கிய படம். டாம் ஹாங்க்ஸ் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஜாஷ்; இந்தக் காட்சியில் அவன் இன்னும் சிறுவன். உயரம் போதாது என்று ராட்டினத்தில் ஏற விடாமல் அவமானப்பட்டு, தனியாக நடந்துவந்து அந்தப் பெட்டியின் முன் நிற்கிறான். 25 சென்ட் நாணயத்தைப் போடுகிறான். பெட்டி அசையவில்லை. கோபத்தில் தட்டுகிறான். அப்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. கண்கள் சிவக்கின்றன, தாடை திறந்து மூடுகிறது. நாணயத் தடத்தை உருவத்தின் வாய்க்கு நேராக அவனே திருப்ப வேண்டும், வேண்டுதலைச் சொல்ல வேண்டும், பிறகு நாணயம் உருண்டு வாய்க்குள் விழ வேண்டும். பெரியவனாக வேண்டும் என்று கேட்கிறான். வேண்டுதல் நிறைவேறியதாகச் சொல்லும் சீட்டு வருகிறது. அதன் பிறகே, பெட்டியின் மின்கம்பி சுவரில் செருகப்படவே இல்லை என்று பார்க்கிறான்.

குறி பார்ப்பது, வேண்டுவது, காத்திருப்பது, கடைசியில் அந்தச் செருகி. இந்த நான்கும் சரியாக வந்துவிட்டால் பெட்டிக்கு என்ன வண்ணம் அடித்தாலும் அது ஜோல்டார்தான். நான்கில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் அலங்காரப் பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களில் இன்று பார்க்கும் ஜோல்டார் பெட்டிகள் படத்துக்குப் பிறகு வியாபாரத்துக்காகச் செய்யப்பட்டவை. பளிங்கு உருண்டைமேல் கையை அசைத்து, ஒலிபெருக்கியில் வளவளவென்று பேசும். இணையத்தில் தேடினால் பெரும்பாலும் அவற்றின் படங்கள்தான் முன்னே வரும். அவற்றில் நாணயத்தைக் குறி பார்த்து வாய்க்குள் விடும் வேலை கிடையாது. ஆகவே மாதிரிப் படங்களைப் படத்தின் அந்தக் காட்சியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோல்டாருக்கு முன்னோடியும் உண்டு: 1960களில் அமெரிக்காவில் ஜோல்டான் என்ற ஜோசியப் பெட்டி புழக்கத்தில் இருந்தது. அதற்கும் முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, காசு போட்டால் சீட்டுத் தரும் ஜோசியக்காரி பொம்மைகள் அங்கே கேளிக்கைக் கூடங்களில் இருந்தன.

நாணயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். அமெரிக்க 25 சென்ட் நாணயம் 24.26 மி.மீ. விட்டம், 5.67 கிராம் எடை. நம்மிடம் அதற்கு மிக நெருங்கியது 2011 வரிசையின் 5 ரூபாய்: 23 மி.மீ., 6 கிராம். பழைய கனமான 5 ரூபாயும் அதே 23 மி.மீ.தான், எடை 9 கிராம். அது இன்னும் நிதானமாக, அழகாக உருளும். 2019 வரிசையின் 5 ரூபாய் 25 மி.மீ. மூன்றும் ஒரே தடத்தில் ஓடும்படி செய்துவிடலாம். 20 ரூபாய் நாணயத்தை மட்டும் விலக்கிவையுங்கள். அதற்குப் பன்னிரண்டு பக்கம். தடத்தில் தடதடத்து வேகம் இழக்கும். 25 பைசா வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். 2011 ஜூன் 30 முதல் அது செல்லாத காசு, தவிர 19 மி.மீ. அளவும் மூன்று கிராமுக்கும் குறைந்த எடையும் உருளுவதற்குப் போதாது.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஆகியவை துருப்பிடிக்காத எஃகு. காந்தத்தில் ஒட்டும். (நம் சேலம் உருக்காலையில் நாணய வில்லைகள் வெட்டுகிற பிரிவே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த ஊரில் நாணயப் பெட்டி செய்கிறவர்களுக்கு அது எனக்குப் பிடித்த ஒரு செய்தி.) எஃகு நாணயம் என்றால் மின்காந்தத்தால் தடத்தின் உச்சியில் பிடித்துவைத்து, பொத்தானை அழுத்தியதும் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தம் தங்கி, நாணயம் ஒரு கணம் தயங்கித்தான் விடுபடும். அந்தத் தயக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது. சின்ன சொலினாய்டு (மின்சாரம் பாய்ந்ததும் ஊசியை இழுக்கும் கம்பிச்சுருள்) ஒன்றின் ஊசியை நாணயத்துக்கு முன்னால் நிறுத்திவைத்து, வேளை வந்ததும் இழுத்துக்கொள்வதுதான் நம்பகமானது. எந்த நாணயத்துக்கும் பொருந்தும்.

கொலுசுப் பட்டறைகளில் அச்சு வைத்துப் பித்தளை டோக்கன் அடித்துக்கொள்ளலாம், அளவுப் பிரச்சினையே வராது என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேலை சுலபமாகும் என்பது உண்மை. ஆனாலும் நான் சொந்தக் காசையே போடச் சொல்வேன். வரவேற்பு மேசையில் இலவசமாகக் கொடுத்த வில்லையைப் போட்டுவிட்டு யாரும் மனதார வேண்டிக்கொள்வதில்லை. தன் பையிலிருந்து எடுத்த ஐந்து ரூபாய் உருண்டு போவதைப் பார்க்கிறபோது கண் அதைவிட்டு நகராது.

இனி தடம். 30 செ.மீ. நீளம், 10 டிகிரி சரிவு போதும். அடியில் பித்தளைப் பட்டை, இரண்டு பக்கமும் 4 மி.மீ. அக்ரிலிக். நடுவே விடும் இடைவெளி, காலிப்பரில் அளந்த நாணயத் தடிமனுக்கு மேல் ஒரு மி.மீ. தடம் முழுவதையும் ஒரு பக்கமாக லேசாகச் சாய்த்துவிடுங்கள். நாணயம் ஒரே சுவரில் சாய்ந்தபடி ஆடாமல் வரும். இந்த அளவில் நாணயம் சுமார் 5 செ.மீ. உயரம் இறங்குகிறது, முனையை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 80 செ.மீ. முனைக்கும் உதட்டுக்கும் 6 செ.மீ. இடைவெளி இருந்தால், அதைக் கடப்பதற்குள் நாணயம் 4 செ.மீ. போலக் கீழே இறங்கிவிடும். தடத்தின் கடைசி 4 செ.மீ.யை மட்டும் சமதளமாக மடக்கிவிட்டால் அந்த இறக்கம் சுமார் 3 செ.மீ. ஆகக் குறையும். கீழுதட்டின் மட்டத்தை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், சிற்பியின் கண்ணளவை வைத்து அல்ல. ஆகவே முகம் செய்யக் கொடுப்பதற்கு முன்பே, ஒரு பலகையில் தடத்தைப் பொருத்தி, எதிரே அட்டையில் வாய் வெட்டி நிறுத்தி, உருட்டிப் பாருங்கள். பத்துக்குப் பத்து விழுகிற வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

தடம் இடமும் வலமும் திரும்ப வேண்டும். அதன் பின்முனையை 608 பேரிங் ஒன்றில் உட்கார வையுங்கள். வெளியே இருக்கும் கைப்பிடியையும் தடத்தையும் சைக்கிள் பிரேக் கம்பியால் இணைத்துவிடலாம். இரண்டு பக்கமும் 15 டிகிரி திரும்பட்டும். வாயின் அகலம் 5 செ.மீ. என்றால் நேர் குறிக்கு இருபுறமும் 4 டிகிரி வரை தவறினாலும் நாணயம் உள்ளே போகும். குழந்தையால் முடியும், அதே சமயம் கவனம் இல்லாமல் முடியாது. அந்தப் பதம் முக்கியம். குறி தவறிய நாணயம் உருவத்தின் மடியில் விழுந்து தொலையக் கூடாது. மடித்துணிக்கு அடியில் ஒரு சாய்வுத் தட்டை வைத்து, அதுவும் காசுப் பெட்டிக்கே போகும்படி செய்யுங்கள்.

தாடையைப் பற்றி ஒரு நுணுக்கம். நாணயம் விடுபட்டு வாய்க்கு வர முக்கால் நொடிக்கு மேல் ஆகும். தாடையோ தன்பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. பார்வையாளர் குறியும் பார்த்து, தாடை திறக்கும் நேரத்தையும் கணிக்க வேண்டும் என்று விட்டால் பாதிப் பேருக்குக் காசு பல்லில் பட்டுத் தெறிக்கும். எனவே குறி மனிதரின் பொறுப்பு, நேரம் இயந்திரத்தின் பொறுப்பு என்று பிரித்துவிடுங்கள். நாணயத்தை விடுவிக்க முகப்பில் வைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் ஊசி உடனே விலகக் கூடாது. தாடை அடுத்த முறை திறக்கத் தொடங்குகிற வரை காத்திருந்து விலக வேண்டும்; நாணயம் உள்ளே போகிறவரை தாடை திறந்தே நிற்க வேண்டும். பார்க்கிறவருக்கு அது வாயைத் திறந்து காத்திருந்து வாங்கிக்கொண்டது போல இருக்கும். வாய்க்குப் பின்னால் 40 மி.மீ. பி.வி.சி. குழாய், உள்ளே மெல்லிய துணி ஒட்டியது. நாணயம் விழும் சத்தம் கேட்கக் கூடாது. குழாயில் ஒரு அகச்சிவப்பு சென்சார் வைத்தால் காசு வாய்க்குள் போனதா, மடியில் விழுந்ததா என்று பெட்டிக்கே தெரியும். மடியில் விழுந்தால் கண்கள் அணைந்துவிட வேண்டும், சீட்டு வரக் கூடாது. இதில் இரக்கம் காட்டாதீர்கள்.

23 மி.மீ. நாணயத்துக்கு 35 மி.மீ. திறப்பு வேண்டும், 25 மி.மீ.க்கும் அது போதும். கீலிலிருந்து உதடு வரை 12 செ.மீ. இருந்தால் 17 டிகிரி திறந்தாலே அந்த அளவு வந்துவிடும். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரை நேரடியாகத் தாடையில் மாட்டாமல், கீலிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு கம்பி இணைப்பால் இழுங்கள். எம்.ஜி. 996 வகை உலோகப் பல் சர்வோ ஒன்றே தாராளம். அது முட்டி நின்றால் இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே எல்லாவற்றையும் இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான ஆர்டுயினோவிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்கவே கூடாது. 6 வோல்ட்டுக்குத் தனி கன்வர்ட்டர், பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டு சுற்றுக்கும் பொதுவான கிரவுண்டு. சொலினாய்டின் குறுக்கே ஒரு டயோடு. இவற்றில் ஒன்றை விட்டாலும் நடுவில் பலகை தானாக மறுதொடக்கம் ஆகி, வேண்டுதல் பாதியில் நிற்கும்.

முகத்துக்குச் சேலத்தில் ஆள் பஞ்சம் இல்லை. விநாயகர் சதுர்த்திக்குச் சிலை செய்கிறவர்கள், திருவிழா ஊர்வலங்களுக்கு ஃபைபர் உருவங்கள் செய்கிறவர்கள் என்று கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்கள் கை தெய்வ முகத்துக்குப் பழகியது. அகன்ற கண்கள், இரண்டு பக்கமும் ஒத்த அமைப்பு, முறுக்கிய மீசை என்று தானாகவே போகும். அதில் சிவப்புக் கண்ணும் திறந்த வாயும் சேர்ந்தால் உங்கள் ஜோல்டார் முனியப்பன் ஆகிவிடுவார். வருகிறவர்கள் கைகூப்புவார்கள், காவல் தெய்வத்தின் வாயில் காசு போடச் சொல்கிறார்களே என்று சிலர் மனம் நோகும். இரண்டுமே நடக்கக் கூடாது. இமை பாதி தாழ்ந்த குறுகிய கண், ஒரு புருவம் மட்டும் ஏறியிருப்பது, எடுப்பான கன்ன எலும்பு, மெல்லிய மீசை, கூரான சிறு தாடி. முன்பக்கம், இரு பக்கவாட்டு என மூன்று படங்களையும் ஒரே அளவில் அச்செடுத்துக் கொடுங்கள். தலை இயல்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒன்றேகால் மடங்குக்குள் இருக்கட்டும். அப்போதுதான் வாய்த் திறப்பும் கண்ணுக்குள் வைக்கும் விளக்கும் அளவாக அமையும்.

களிமண்ணில் உருவம், அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு, அச்சுக்குள் மெழுகு தடவி ஃபைபர் என்பது வழக்கமான வரிசை. அதை நீங்களே செய்யப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை: ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட், அதுவும் ஒன்று முதல் இரண்டு சதவீதம். காற்றோட்டம், கையுறை, முகமூடி கட்டாயம். இந்த வேலையைக் கீழே சேலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக் குளிரிலும் ஈரத்திலும் ரெசின் இறுக நேரம் எடுக்கும், மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும்.

தலையை முழுதாக வார்த்துவிட்டு, பிறகு தாடையை அறுத்துப் பிரியுங்கள். அறுத்த கோடு மீசைக்கும் கிருதாவுக்கும் அடியில் மறைய வேண்டும். சிறு தாடியைத் தாடைத் துண்டின் மீது ஒட்டினால் அசைவு இன்னும் நன்றாகத் தெரியும். கண்களுக்குப் பாதியாக வெட்டிய மேசைப்பந்து போதும், 40 மி.மீ. விட்டம். உள்பக்கம் சிவப்பு எல்.இ.டி. அணைந்திருக்கும்போது அது சாதாரணக் கண்ணாகத் தெரிய வேண்டும் என்பதால், கருவிழியை ஒளி ஊடுருவும் மெல்லிய வண்ணத்தில் வரையச் சொல்லுங்கள்.

உடைக்கும் நகைக்கும் நம்மூரில் கவலையே வேண்டாம். இளம்பிள்ளையில் பளபளக்கும் சேலைத் துணி எடுத்துத் தலைப்பாகை கட்டலாம். தலைப்பாகை முகப்புக்கும் காது வளையத்துக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். வெள்ளி வேண்டியதில்லை, பித்தளையில் முலாம் போதும்.

ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் கடப்பீர்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. படத்துக்கான பொருட்களைத் தட்டி, வார்த்து, வண்ணம் பூசிச் செய்கிற வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். யாரிடமாவது போய்ச் 'சினிமாப் பெட்டி ஒன்று செய்ய வேண்டும்' என்று தயங்காமல் கேட்கலாம்.

எழுத்துப் பலகைகளைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. விளக்கு எரியாதபோது அங்கே எழுத்து இருப்பதே தெரியக் கூடாது. பால்நிற அக்ரிலிக்கில் கறுப்பு வினைல் ஒட்டி, எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்து, முன்னால் புகைநிற அக்ரிலிக் ஒன்றை வைத்தால் அப்படி வரும். ஒவ்வொரு வாசகத்துக்கும் தனி அறை. பக்கத்து அறைக்கு ஒளி கசியாதபடி உள்ளே கறுப்புப் பூச்சு. 'காசு போடு', 'வாய்க்கு நேரே குறி பார்', 'வேண்டியதைக் கேள்', 'சிவப்புப் பொத்தானை அழுத்து' என நான்கு போதும். எழுத்து வடிவத்தைக் கணினியில் தேடாமல், பழைய போர்டு எழுதுகிற ஓவியர் ஒருவரிடம் கையால் எழுதி வாங்கி, அதை ஸ்கேன் செய்து வினைலில் வெட்டுங்கள். பெட்டிக்கு வயது கூடும்.

இப்போது நேரக் கணக்கு. மொத்த வேலையில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். காசு போட்டவுடன் விளக்கும் இசையும் பாய்ந்தால் அது பேருந்து நிலையக் கடை விளையாட்டுப் பொருளாகிவிடும். காசு போட்டதும் எதுவும் நடக்கக் கூடாது. பெட்டிக்குள் ஓர் அதிர்வு சென்சார் வையுங்கள். படம் பார்த்தவர் பக்கவாட்டில் தட்டுவார், தட்டியதும் தொடங்கட்டும். தட்டத் தெரியாதவருக்குப் பத்து நொடி கழித்துத் தானே தொடங்கட்டும். முதலில் கண்கள், இருட்டிலிருந்து மூன்று நொடியில் மெல்ல ஏறி, பாதி ஒளியிலேயே நிற்க வேண்டும். பிறகு உள்ளே பல்சக்கரம் சுற்றுவது போன்ற ஒரு தாழ்ந்த சத்தம். படத்திலிருந்து ஒலியை எடுக்காதீர்கள். ஒரு பழைய தையல் இயந்திரத்தை மெதுவாகச் சுற்றி ஒலிப்பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துச் சேர்த்தால் அருமையாக இருக்கும். அதன் பிறகு மேலிருந்து மங்கலான மஞ்சள் விளக்கு, அதன் பிறகே தாடை. எழுத்துகள் ஒவ்வொன்றாக எரியட்டும். 'வேண்டியதைக் கேள்' என்பது மட்டும் எட்டு நொடிக்குக் குறையாமல் தனியாக எரிந்துகொண்டிருக்க வேண்டும். மனிதருக்குத் தன் விருப்பத்தைத் தேடிப் பிடிக்க அவ்வளவு நேரம் ஆகிறது. ஐந்து நொடி கொடுத்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எட்டு நொடியில் சிரிப்பு அடங்கிவிடும்.

நாணயம் வாய்க்குள் போன அந்தக் கணத்தில் சத்தம், கண், விளக்கு, தாடை எல்லாம் ஒன்றாக நிற்க வேண்டும். நான்கு நொடி இருட்டு. பிறகுதான் சீட்டு விழும் 'டக்'. படிக்கும் அளவுக்கு மட்டும் சீட்டு விழும் தட்டில் ஒரு சின்ன விளக்கு. ஆர்டுயினோவில் இதை எழுதும்போது டிலே (காத்திரு) கட்டளைகளை அடுக்காமல், கடந்த நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கணக்கில் நிலை நிலையாக எழுதுங்கள். டிலே ஓடும்போது பலகை வேறெதையும் கவனிக்காது. பொத்தானை இடையில் அழுத்தினால் தவறவிடும்.

இந்த இடத்தில்தான் அந்தச் செருகி. பெட்டிக்குள் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கட்டும், கணினி யு.பி.எஸ்.களில் இருக்கிற அதே வகை. கணக்குக்கு 84 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் ஆயுள் நீளும், ஆகவே 42. சும்மா இருக்கும்போது 2 வாட் இழுத்தால் பத்து மணி நேரத்துக்கு 20 போகும். ஓர் ஆட்டம் ஒரு நிமிடம், 20 வாட் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் அரை வாட்-மணிகூட ஆகாது. பகல் முழுக்க அறுபது பேர் விளையாடினாலும் தாங்கும். இரவில் செருகி சார்ஜ் ஏற்றி, காலையில் பிடுங்கித் தரையில் போட்டுவிடுங்கள். எங்கே போடுவது என்பதும் முக்கியம். பெட்டியின் முன்னால் போட்டால் வந்தவுடனேயே தெரிந்துவிடும். சீட்டை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கும் பக்கத்தில், சுவர் செருகிடத்துக்கு ஓர் அடி தள்ளிக் கிடக்கட்டும். யாரும் சுட்டிக்காட்டக் கூடாது. விடுதி ஊழியர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், கவனிப்பவர் கவனிக்கட்டும். சார்ஜர் தரமானதாக, சுவர் மின்சாரம் பெட்டியின் சுற்றை நேரடியாகத் தொடாத மின்தனிமை உள்ளதாக இருக்க வேண்டும். இரவில் செருகும் இணைப்புக்கு எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். பேட்டரி வாயிலேயே ஃப்யூஸ் போடுங்கள்.

சீட்டு இறக்கும் பகுதிக்கு நமக்கு நம்முடைய முன்மாதிரி இருக்கிறது. ரயில் நிலைய எடை இயந்திரத்தில் சக்கரம் சுற்றி நின்றதும் காசு போட்டால், தடித்த அட்டைச் சீட்டு வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். சேலம் ஜங்ஷனில் நின்றவர்களின் வயதுக்கேற்ப அந்த நினைவு இருக்கும். அந்தச் சீட்டின் தடிமனைத்தான் நீங்களும் பிடிக்க வேண்டும். விசிட்டிங் கார்டு தாள் மெல்லியது, 'டக்' வராது. இரண்டு 300 ஜி.எஸ்.எம். அட்டைகளை ஒட்டி வெட்டினால் சரியாக இருக்கும். சீட்டு அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை மட்டும் ஒரு தகடு தள்ள வேண்டும். வெளியேறும் வாயின் உயரம் சீட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் போனால் இரண்டு சீட்டு வரும், குறைந்தால் சிக்கும்.

ஏற்காட்டில் சீட்டுக்கு எதிரி பனி. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் மேகம் கூடத்துக்குள்ளேயே வரும் ஊர். அட்டை ஈரம் குடித்து வளையும், வளைந்த சீட்டு சிக்கும். பெட்டி ஓடாமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சீட்டு அறையை மூடிய தனி அறையாகச் செய்து சிலிக்கா ஜெல் போடுங்கள். இரவில் சார்ஜ் ஏறும்போது உள்ளே ஒரு 5 வாட் சின்ன பல்பு எரியட்டும். அந்தச் சூடு போதும், துணிக்கும் அட்டைக்கும் தள்ளி இருக்க வேண்டும். சீட்டுகளை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் அடுக்காமல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள்.

சீட்டில் என்ன எழுதுவது? படத்தில் உள்ளதைப் போல, வேண்டுதல் நிறைவேறியது என்ற ஒரே வரிதான் எல்லாருக்கும். ராசி பலன், அதிர்ஷ்ட எண் எதுவும் வேண்டாம். பலவிதமான பலன்களை அச்சடித்தால் நண்பர்கள் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து விளையாடத் தொடங்கிவிடுவார்கள். ஒரே வரி என்றால் ஒவ்வொருவரும் தான் கேட்டதையே நினைத்துக்கொண்டு நிற்பார்கள்.

பெட்டியைக் கடைசியாகச் செய்யுங்கள். உள்ளே எல்லாம் வேலை செய்த பிறகு அதைச் சுற்றி அளவெடுத்தால் பிசகு வராது. ஆறரை அடி உயரம், இரண்டரை அடி அகலம் போல வரும். ஈரத்துக்காக ஐ.எஸ். 710 மெரைன் பிளைவுட்டே எடுங்கள், சாதாரண ரகம் இரண்டு மழையில் உப்பும். வெளிச் சட்டத்துக்கு ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் கிடைத்தால் எடை குறைவாக, ரேகை அழகாக இருக்கும். நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். கண்ணாடி 5 மி.மீ. டஃபன்டு. பதப்படுத்திய பிறகு அதை அறுக்கவோ துளையிடவோ முடியாது, ஆகவே சட்டம் முடிந்து அளவெடுத்த பிறகே கொடுக்க வேண்டும். அக்ரிலிக் போட்டால் குழந்தைகளின் விரல்பட்டு சீக்கிரம் கீறல் விழும். அடிப்பெட்டி, நடுக்கூடு, மேல்முகப்பு என மூன்றாகப் பிரித்து போல்ட்டில் இணையுங்கள். சின்ன யானையில் ஏற்றி இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும்; முழுப் பெட்டியாகக் கொண்டுபோனால் மூட்டுகள் விரியும், தடத்தின் சாய்வு மாறும். தலையையும் தடத்தையும் கழற்றித் தனியாக, போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோங்கள். வைத்த இடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களில் திருகு கொடுத்துச் சமன் செய்த பிறகு, அந்த 10 டிகிரியை மறுபடி சரிபாருங்கள்.

ஜோல்டார் என்ற பெயரை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வணிகக்குறியாகப் பதிவு செய்திருக்கிறது. வீட்டில் வைத்துக்கொள்வது வேறு. வாடிக்கையாளர் வரும் இடத்தில் காசு வாங்கும் பெட்டியாக நிற்பது வேறு. முகப்பில் உங்கள் விடுதிக்குப் பொருந்தும் வேறு பெயர் ஒன்றை எழுதிவிடுங்கள். படம் பார்த்தவர்களுக்குத் தாடையும் தடமும் போதும், பெயர் இல்லாமலே கண்டுகொள்வார்கள். சேரும் காசை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் பெட்டியின் பின்பக்கம் ஒரு சிறு பலகையில் எழுதிவையுங்கள். மலைக் கிராமப் பள்ளி எதற்காவது புத்தகம் வாங்கித் தருவதாக இருந்தால் ஐந்து ரூபாய் போடுகிறவருக்கு அதுவும் பிடிக்கும். தடத்தையும் அட்டை வாயையும் பலகையில் பொருத்திய பிறகு, நாணயம் எங்கே விழுகிறது என்று அளவுகளோடு எழுதுங்கள். சரிவை எவ்வளவு மாற்றலாம் என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.